ரோமாபுரி வெள்ளிக் காசும் நம்மூர் உரைகல்லும்

ஆரணியில் பட்டு நெய்கிற ஒரு நெசவாளியிடம் போய், "இது சுத்த வெள்ளிச் சரிகை, நம்பி வாங்கிக்கொள்" என்று ஒருவன் சொன்னால், அவர் அந்தச் சொல்லை அப்படியே நம்பிப் பணத்தை எடுத்து நீட்டிவிடுவாரா? ஒருக்காலும் மாட்டார். இழையைப் பிரித்துப் பார்ப்பார். உள்ளே இருப்பது சிவப்புப் பட்டு நூலா, மலிவான செயற்கை நூலா என்று பார்ப்பார். மேலே சுற்றியிருப்பது வெள்ளித் தகடா, வெள்ளி பூசிய செம்பா என்று கல்லில் உரசிப் பார்ப்பார். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் பரிசோதனை செய்கிற இடத்துக்கு அனுப்புவார். "சரிகையைச் சந்தேகிப்பது பாவம்" என்று யாராவது சொன்னால், சரக்கில்தான் கோளாறு இருக்கிறது என்று அந்த நிமிஷமே முடிவுகட்டிவிடுவார்.

பழைய பட்டுப்புடவை வாங்க வீதியில் வருகிற வியாபாரியைப் பாருங்கள். புடவையின் கரையில் கோபுரம் இருக்கிறதா, மயில் இருக்கிறதா, அன்னம் இருக்கிறதா என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கோபுரத்துக்கு ஒரு விலை, மயிலுக்கு ஒரு விலை என்று அவர் கொடுப்பதும் இல்லை. சரிகையில் வெள்ளி எத்தனை கிராம் தேறும் என்பது ஒன்றுதான் அவருடைய கேள்வி. நெருப்பில் போட்டால் கோபுரமும் மயிலும் போய்விடும், வெள்ளி நிற்கும்.

இவ்வளவு விவரமாக வெள்ளியைச் சோதிக்கத் தெரிந்த நம் மக்கள், கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவன் வந்தால் மாத்திரம் உரைகல்லை ஏன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள் என்பதே நமது கேள்வி. இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் நாட்டு மண்ணுக்குள்ளிருந்து பானை பானையாகக் கிடைத்திருக்கிற ரோமாபுரி வெள்ளிக் காசுகளைப் பார்த்தாலே போதும்.

கொங்கு நாட்டில் நிலத்தைத் தோண்டியவர்களுக்கு இக்காசுகள் பல தடவை கிடைத்திருக்கின்றன. 1800ஆம் ஆண்டில் அப்பக்கம் பிரயாணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் என்ற வெள்ளைக்காரர், பொள்ளாச்சியில் ஒரு பானை நிறைய ரோமாபுரி வெள்ளிக் காசு கிடைத்ததை எழுதி வைத்திருக்கிறார். அவர் கையில் கிடைத்த ஆறு காசுகளில் இரண்டு வகை இருந்தன; எடையோ ஒன்றே. 1842இல் கோயமுத்தூருக்கு அடுத்த வெள்ளலூரில் 522 காசுகள் கிடைத்தன. 1878இல் கரூரில் ஐந்நூறு அளவில் கிடைத்தன. 1946இல் உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. 'டெனாரியஸ்' என்பது இக்காசின் பெயர். இவற்றில் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டே சக்கரவர்த்திகள் அடித்தவை.

இவை இங்கு வந்தது தர்மத்துக்கு அல்ல. மிளகுக்கும், முத்துக்கும், துணிக்கும், நீலப் பச்சைக் கற்களுக்கும் விலையாக வந்தவை. யவனர் மரக்கலம் முசிறிக்குப் பொன் கொண்டுவந்து மிளகு கொண்டுபோனதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸுக்குக் குறையாமல் இந்தியா நம் பணத்தை இழுத்துக்கொள்கிறதே என்று ரோமாபுரியில் பிளினி என்ற ஆசிரியர் புலம்பினார். நாலு செஸ்டர்ஸ் ஒரு டெனாரியஸ். ஆகவே கணக்குப் பார்த்தால் ஒன்றேகால் கோடி வெள்ளிக் காசு.

நிற்க. அந்தக் காசுகளில் என்ன பொறித்திருந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி. அந்நாளில் பத்திரிகை இல்லை, ரேடியோ இல்லை, சுவரொட்டி இல்லை. அரசன் தன்னைப் பற்றி ஊரார் என்ன நினைக்க வேண்டும் என்று விரும்பினானோ அதையெல்லாம் காசில் அடித்தான். காசு கைக்குக் கை மாறும். ஆகவே அவனது பிரசாரமும் கைக்குக் கை மாறும்.

டைபீரியஸின் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அவன் தலை. அதைச் சுற்றி, "கடவுளான அகஸ்டஸின் மகன்" என்று எழுத்து. மறுபக்கம் ஒரு பெண் கையில் கிளையும் கோலும் பிடித்து நாற்காலியில் வீற்றிருக்கிறாள். அதைச் சுற்றி, "தலைமைப் புரோகிதன்" என்று எழுத்து. கவனித்தீர்களா தோழர்களே? ஒரு பக்கத்தில் கடவுளின் மகன். மறுபக்கத்தில் கடவுளின் புரோகிதன். இரண்டு பக்கமும் ஒரே ஆள்! படையும் வரியும் ஏற்கெனவே அவன் கையில். அடங்காமல் இருப்பது மனிதனுடைய கேள்வி கேட்கும் புத்தி ஒன்றுதான். அதையும் அடக்குவதற்கு ஏற்பட்ட பூட்டு இந்த இரண்டு பட்டங்கள்.

சரி, அகஸ்டஸ் எப்படிக் கடவுளானான்? அவனுக்கு முன் அவனைத் தத்தெடுத்த ஜூலியஸ் சீஸர் எப்படிக் கடவுளானான்? கி.மு. 44இல் சீஸரைச் சபையில் குத்திக் கொன்றார்கள். சில மாதம் கழித்து வானத்தில் ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது. "அதோ சீஸரின் ஆத்மா மேலே போகிறது" என்று பேச்சுக் கிளம்பியது. கி.மு. 42இல் செனட் சபையார் கூடித் தீர்மானம் போட்டுச் சீஸரைக் கடவுளாக்கினார்கள். பிற்பாடு அகஸ்டஸ் அந்த வால்நட்சத்திரத்தையே வெள்ளிக் காசில் பொறித்தான். வால்நட்சத்திரம் தன் பாதையில் வந்தது, போயிற்று. லாபம் யாருக்கு? இறந்தவன் கடவுளானால் இருப்பவன் கடவுளின் மகன் ஆகிறான் அல்லவா?

அகஸ்டஸ் கி.பி. 14இல் இறந்தான். அவனையும் கடவுளாக்குவதற்குச் சாட்சி ஒன்று தேவைப்பட்டது. நுமேரியஸ் அட்டிக்கஸ் என்ற ஒரு செனட் சபைக்காரர் முன்வந்து, அகஸ்டஸ் வானத்துக்கு ஏறிப் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். அதற்காக அகஸ்டஸின் மனைவி லிவியா அவருக்குப் பத்து லட்சம் செஸ்டர்ஸ் கொடுத்தாளாம். இதைச் சொல்வது நாமல்ல. ரோமாபுரியின் சரித்திராசிரியரான டியோ காசியஸ். அந்நாளில் ரோமாபுரிச் சிப்பாய் ஒருவனுக்கு ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். ஆகவே இந்த ஒரு சாட்சிக் கூலியைச் சம்பாதிக்க ஒரு சிப்பாய் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் எல்லையில் நின்று காவல் காக்க வேண்டும். கடவுளைக் கண்டேன் என்கிற தொழிலைக் காட்டிலும் லாபமான தொழில் வேறென்ன இருக்கிறது?

இன்னொரு வேடிக்கை. 'கடவுளின் மகன்' என்று இருபது ஆண்டுக்கு மேல் காசடித்த டைபீரியஸ் கி.பி. 37இல் செத்தபோது, செனட் சபையார் அவனைக் கடவுளாக்கவில்லை. அவன் பேரில் அவர்களுக்கு அவ்வளவு வெறுப்பு. ஆகவே கடவுள் பதவியும் சபையாரின் இஷ்டத்தைப் பொறுத்த விஷயமாகத்தான் இருந்திருக்கிறது. நம்மூர் நகரசபை நாற்காலிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பிற்காலத்தில் வெஸ்பாசியன் என்ற சக்கரவர்த்தி சாகக் கிடந்தபோது, தான் கடவுளாகிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது என்று கேலியாகச் சொன்னானாம். உள்ளே இருந்தவனுக்கு உண்மை தெரியும். வெளியே நின்று கும்பிட்டவனுக்குத்தான் தெரியவில்லை.

அகஸ்டஸின் காசுகளில் நம் நாட்டில் மிகுதியாகக் கிடைக்கும் ஒரு வகையில், அவன் தலைக்கு மறுபக்கம் இரண்டு வாலிபர்கள் கேடயமும் ஈட்டியும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கயஸ், லூசியஸ் என்று பெயர். அவன் மகள் வயிற்றுப் பேரர்கள்; தனக்குப் பின் ஆள்வதற்காக அவன் மகன்களாகத் தத்தெடுத்துக்கொண்டவர்கள். அவர்கள் தலைக்கு மேல் புரோகிதர் பூசை செய்யும் கரண்டியும் வளைந்த கோலும் பொறித்திருக்கும். கீழே ஆயுதம், மேலே பூசைச் சாமான், நடுவில் வாரிசு. இதைவிடத் தெளிவாக ஒரு ஆட்சியின் ரகசியத்தை யாரும் படம் எழுதிக் காட்ட முடியாது.

அந்தத் தெய்வ வம்சத்து வாலிபர்களுக்கு என்ன நேர்ந்தது? லூசியஸ் கி.பி. 2இல் பிரயாணத்தில் நோய் கண்டு இறந்தான். கயஸ் சண்டையில் பட்ட காயம் ஆறாமல் கி.பி. 4இல் இறந்தான். இருவருக்கும் இருபத்தைந்து வயது ஆகவில்லை. பூசைக் கரண்டி காய்ச்சலை நிறுத்தவில்லை. வளைந்த கோல் காயத்தை ஆற்றவில்லை. ஆனால் அவர்கள் உருவம் பொறித்த காசு மாத்திரம் கப்பலேறி வெள்ளலூர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

இனி, இங்கே வாங்கியவர்கள் இக்காசை எப்படி வாங்கினார்கள் என்று பார்ப்போம். பிளினி ஒரு சம்பவம் சொல்கிறார். கிளாடியஸ் சக்கரவர்த்தி காலத்தில் ரோமாபுரிக்காரன் ஒருவன் காற்றில் அடிபட்டு இலங்கைத் தீவில் போய் ஒதுங்கினான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளை அத்தீவின் அரசன் வாங்கிப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் வேறு வேறு தலை. ஆயினும் எடையெல்லாம் ஒன்றாக இருந்தது. இதைக் கண்டுதான் அந்த அரசன் ரோமாபுரியாரின் நாணயத்தை மெச்சினானாம். 'கடவுளின் மகன்' என்ற எழுத்தைப் பார்த்து அவன் மெச்சவில்லை. தராசைப் பார்த்து மெச்சினான்.

தமிழ்நாட்டிலோ, 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது! உள்ளே உலோகம் சரிதானா என்று பார்ப்பதற்கு வெட்டினார்கள் என்பாரும் உண்டு. இனி இது காசாகச் செல்லாது, வெறும் பொன்தான் என்று காட்டுவதற்கு வெட்டினார்கள் என்பாரும் உண்டு. எதுவானாலும், ரோமாபுரியில் கும்பிட்ட முகத்தை இங்கே உளியால் வெட்டினார்கள். வெட்டியவன் கை அழுகவில்லை, கண் குருடாகவில்லை.

இதைச் சொல்லி, நம் முன்னோர் எல்லாம் பகுத்தறிவுச் சிங்கங்கள் என்று பழம்பெருமை பேச நாம் வரவில்லை. வேற்று நாட்டுச் சாமியை வெட்டிப் பார்த்த அதே ஆள், உள்ளூர்ச் சாமியிடம் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றிருப்பான். அப்படியும், கையில் லாப நஷ்டம் என்கிற உரைகல் இருக்கும்போது மனிதன் கண்ணைத் திறந்துகொள்கிறான் என்பது இதனால் விளங்குகிறது. நமக்கு வேண்டியதும் அந்தத் திறந்த கண்தான்.

ரோமாபுரியின் பின்கதையும் கேட்கத் தக்கதே. கி.பி. 64இல் நீரோ வெள்ளிக் காசின் எடையைக் குறைத்தான், செம்பையும் சேர்த்தான். அதற்குப் பின் அடித்த வெள்ளிக் காசுகள் நம் நாட்டுப் புதையல்களில் அருகிப்போகின்றன. கலப்படம் தெரிந்துபோய் இங்கே வாங்க மறுத்ததே காரணம் என்று ஆராய்ச்சிக்காரர் பலர் சொல்லுகிறார்கள். அதோடு நின்றதா? கி.பி. 215இல் காரகல்லா ஒரு புதுக் காசு கொண்டுவந்தான். அதில் சக்கரவர்த்தி தலையில் சூரிய பகவானின் கதிர்க் கிரீடம்! 260களில் அந்தக் காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. அதன் பின் ஆண்ட ஆரேலியன், 'பிறவியிலேயே கடவுளும் ஆண்டவனும்' என்று தன்னைக் குறித்துக் காசே அடித்தான். அந்தப் பிறவிக் கடவுளை 275இல் அவனுடைய சொந்தச் சேனை அதிகாரிகளே கொன்றார்கள்.

இதில் ஒரு கணக்கு இருப்பதைக் காண்கிறீர்களா? காசில் வெள்ளி நிறைய இருந்த காலத்தில் சக்கரவர்த்தி கடவுளின் மகன். வெள்ளி போய்ச் செம்பு வந்த காலத்தில் அவனே கடவுள். வெள்ளி குறையக் குறையத் தெய்வத்தன்மை ஏறியது. சரக்கில் சத்து இல்லாதபோதுதான் மேலே சாமி படம் பெரிதாக ஒட்டப்படுகிறது. இது ரோமாபுரிக்கு மாத்திரம் உரிய விதி அல்ல.

ஏன், கும்பினியார் 1807ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னையில் அடித்த வெள்ளிக் காசில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போகிற வெள்ளைக்காரனுக்கு விஷ்ணுவின் மேல் பக்தி பொங்கிவிட்டதா? காசு இந்த நாட்டில் செல்ல வேண்டும். அதற்கு விஷ்ணு உதவினார். அவ்வளவுதான்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். அட்சய திருதியை அன்று லட்சுமி உருவம் பொறித்த வெள்ளிக் காசு வாங்கினால் செல்வம் பெருகும் என்று சொல்லி நகைக்கடை வாசலில் கூட்டம் நிற்கிறது. தறிக்கூலியில் மிச்சம் பிடித்தும், மிச்சம் இல்லாதவர் வட்டிக்கு வாங்கியும் போய் நிற்கிறார்கள். அந்தக் காசை மறுமாதம் கஷ்டத்துக்கு விற்கப் போனால் கடைக்காரர் என்ன செய்கிறார்? தராசில் போடுகிறார், வெள்ளிக்கு மாத்திரம் விலை போடுகிறார். வாங்கும்போது லட்சுமிக்குச் செய்கூலி உண்டு. விற்கும்போது லட்சுமிக்குக் காலணா இல்லை. லட்சுமியின் யோக்கியதை என்ன என்பதைக் கடைக்காரரின் தராசே சொல்லிவிடுகிறதே, பின்னும் நாம் எதற்காக வாதாட வேண்டும்?

இதாவது போகட்டும், வெள்ளியாவது கையில் நிற்கிறது. இதைக் காட்டிலும் கொடியது 'அரிசி இழுக்கும் காசு' என்கிற மோசடி. ராமனும் அனுமானும் பொறித்து, 1818 என்று தேதி போட்டு, கும்பினி காலத்துச் செப்புக் காசு என்று ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். கோபுரக் கலசத்தில் இடி விழுந்து 'இரிடியம்' ஆகிவிட்டது என்று வேறொரு கூட்டம் வருகிறது. அரிசியை அருகில் வைத்தால் அரிசி தானே நகர்ந்து ஒட்டிக்கொள்ளுமாம்; வெளிநாட்டார் கோடி கோடியாகக் கொடுத்து வாங்குவார்களாம்; முன்பணமாகச் சில லட்சம் கட்டினால் போதுமாம். இப்படி வீட்டை அடமானம் வைத்துக் கொடுத்தவர்கள், மகள் கலியாணத்துக்குச் சேர்த்ததைக் கொடுத்தவர்கள் தமிழ்நாட்டில் ஒருவர் இருவர் அல்லர். இந்தக் குற்றத்துக்காகக் காவல்துறையார் ஊர் ஊராக ஆட்களைப் பிடித்த வண்ணம் இருக்கிறார்கள்.

உண்மை என்ன? கும்பினி அச்சுச்சாலை அப்படிப்பட்ட ராமன் காசு எதையும் வெளியிடவில்லை. இரிடியம் என்பது பிளாட்டினத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு உலோகம். இடி விழுந்து செம்பு இரிடியம் ஆகாது. இரிடியம் அரிசியை இழுக்கவும் இழுக்காது. அரிசி நகர்வதற்குக் காரணம், அதில் பூசியிருக்கும் இரும்புத் தூளும், காசுக்குள்ளோ கைக்குள்ளோ ஒளித்திருக்கும் காந்தமுமே. சோதிக்க ஒரு செலவும் இல்லை. "உன் அரிசி வேண்டாம், என் வீட்டுப் பானையிலிருந்து எடுத்து வருகிறேன்" என்று சொல்லுங்கள். அவன் அரிசிக்கு அருகில் ஒரு காந்தத்தைப் பிடித்துப் பாருங்கள். இந்த இரண்டு வார்த்தைக்கே அந்தத் தெய்வ சக்தி மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடும்.

இவ்விடத்தில் சிலர் ஒரு ஆட்சேபணை சொல்லக்கூடும். "உலோகத்தை உரைக்கலாம், நம்பிக்கையை உரைக்கலாமா? அது மனசைச் சேர்ந்த விஷயம் அல்லவா?" என்பார்கள். மனசோடு நிற்கிற நம்பிக்கையை உரைக்க யாரும் வரவில்லை. அது உங்கள் பணப்பெட்டிக்கு வந்தால், உங்கள் தறியை அடமானம் வைக்கச் சொன்னால், உங்கள் பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தச் சொன்னால், பிறப்பால் ஒருவன் மேல், ஒருவன் கீழ் என்று சொன்னால், அப்போது அது சந்தைக்கு வந்த சரக்கு ஆகிறது. சந்தைக்கு வந்த சரக்கை உரைத்துப் பார்ப்பது வாங்குகிறவனுடைய உரிமை. உரைக்கக் கூடாது என்கிறவனைக் கள்ளச் சரிகைக்காரன் வரிசையில் நிறுத்துவதே நியாயம்.

"எத்தனையோ கோடிப் பேர் நம்பினார்களே, அதெல்லாம் பொய்யா?" என்று வேறு சிலர் கேட்கலாம். அகஸ்டஸையும் எத்தனையோ பேர் நம்பினார்கள். நாடு நாடாகக் கோவில் கட்டினார்கள். முசிறிக்கு அருகிலேயே அவனுக்கு ஒரு கோவில் இருந்ததாக ரோமாபுரிக்காரர்களின் பழைய வழிப்படம் ஒன்றில் குறித்திருக்கிறது. கட்டியவர் யாரானாலும், இன்று அந்தக் கோவில் எங்கே? அந்தக் கடவுளுக்கு ஒரு அகல் விளக்கு ஏற்றுகிறவர் உலகத்தில் எங்கேயாவது உண்டா? சென்னை எழும்பூர் பொருட்காட்சிச்சாலையில் கண்ணாடிக்குள் கிடக்கும் ரோமாபுரிக் காசுகளைப் போய்ப் பாருங்கள். கும்பிட்டவர் போனார்கள், சத்தியம் செய்தவர் போனார், கடவுளும் போனார். எடை போட்டு வாங்கிய வெள்ளி மாத்திரம் இன்னும் வெள்ளியாகவே இருக்கிறது.

ஆகவே, தோழர்களே, நாம் கேட்டுக்கொள்வது பெரிய காரியம் ஒன்றுமல்ல. புதிதாக எந்த வித்தையும் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு மார்க்கு சரிகை வாங்கும்போது உங்களுக்கு இருக்கிற ஜாக்கிரதை, ஒரு சாமியாரைக் காணும்போதும் இருக்கட்டும். பாவு இழை அறுந்தால் எங்கே அறுந்தது என்று தேடுகிற புத்தி, ஒரு புராணத்தைக் கேட்கும்போதும் விழித்திருக்கட்டும். சாட்சி சொல்ல வருகிறவனைக் கண்டால், இவனுக்குச் சாட்சிக் கூலி எவ்வளவு, கொடுக்கிறவர் யார் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுங்கள். இதைக் கேட்கத் தெரிந்த வீட்டில் வாசற்படிக்கு இப்பால் எந்த மோசடிக்காரனும் வரமாட்டான்.